பத்து எண்ணும் வரை

பத்தொன்பது வருடமாகக் கிருமிகளை இனம் பிரித்துப் பிரித்துக் கலாவதிக்குக் கண் மங்கியிருந்தது. கோலா சிலாங்கூர் பக்கத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை. ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரரின் மகள், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். உருப்பெருக்கியில் பல கிருமிகளுக்கு ஒரே முகம்தான். உள்ளே இருக்கும் நொதிதான் காட்டிக்கொடுக்கும். மருந்தில் நனைத்த தாளில் கிருமியைத் தடவி, பத்து எண்ணுவதற்குள் ஊதாவானால் காலராவாக இருக்கலாம். நிறம் மாறாவிட்டால் அந்தப் பயம் இல்லை.

1984இல் ஒரு செவ்வாய்க்கிழமை, அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டத்தில் வயிற்றுப்போக்கு கண்ட ஆறு பேரின் கிருமிகளும் ஊதாவாயின. சுகாதார அதிகாரி ஐயாவுக்குப் போன் செய்தாள். காலை பத்து மணிக்கெல்லாம், யாரும் வெளியேறாதபடி லயத்துக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் ஆபீஸிலிருந்து, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் முருகையா கூப்பிட்டார்.

"ஏம்மா, எம் மக நாளைக்குக் காலைல ரவாங் பேக்டரில சேரணும். வரலேன்னா வேற ஆள எடுத்துக்குவாங்க. இன்னொரு வாட்டி பாருங்க லா."

"சோதன பொய் சொல்லாதுண்ணே."

போனை வைத்த பிறகுதான் உறுத்தியது. ஆறில் ஆறுமா? உலகம் அவ்வளவு ஒற்றுமையாக இருப்பதில்லை. ஊதாவாகவே கூடாத, தெரிந்த கிருமி ஒன்றை எடுத்துத் தடவினாள். அதுவும் ஊதா.

கிருமியைத் தொட்டெடுத்துத் தடவ, கையில் வைத்திருந்த கம்பியைப் பார்த்தாள். பிளாட்டினக் கம்பி போன வாரம் ஒடிந்ததால் சாதாரணக் கம்பியை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அதிலுள்ள இரும்பே தாளை ஊதாவாக்கும். படித்த பாடம்தான். அலுத்த கைக்கு நினைவில்லை.

மூலையில் கிடந்த புது விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி, கொதிநீரில் போட்டெடுத்து உலர்த்தினாள். ஒவ்வொரு கிருமிக்கும் ஓர் ஈர்க்கு. பத்து எண்ணினாள், இருபதும் எண்ணினாள். ஆறு தாளும் வெள்ளையாகவே இருந்தன.

"கம்பி தப்பு சார். எந் தப்பு" என்று ஐயாவிடம் சொன்னாள்.

"பத்தொம்பது வருஷ சர்வீஸ் ஒனக்கு! வெளக்குமாத்துக் குச்சிய நம்பிக் கேட்டத் தொறக்கவா?"

"அந்தக் கம்பிக்கு இது தேவல சார்."

எழுதிக் கொடுக்கச் சொன்னார். தன் தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டாள். வேறொருவர் சோதித்து உறுதி செய்யப் புதன் மதியமாயிற்று.

முருகையா மறுபடி கூப்பிட்டார். "தொறந்துட்டாங்கம்மா. பேக்டரிலதான் வேற பொண்ண எடுத்துட்டாங்க. சோதன பொய் சொல்லாதுன்னீங்களே?"

"சோதன சொல்லலண்ணே. நாந்தான் சொன்னேன்."

அவர் போனை வைத்தார். மேசையில் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து வந்த நான்கு மாதிரிகள் காத்திருந்தன. கலாவதி விளக்குமாற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஈர்க்குகளை உருவத் தொடங்கினாள்.