பின்பாரம்

மடுல்சீமைத் தோட்டத்தில் நான் கரத்தை என்கிற மாட்டுவண்டி ஓட்டப் போனது, அப்போது வேறு ஆள் கிடைக்காததால்தான். அதுவரை தேயிலைப் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவன். மாட்டைப் பிடிக்கத் தெரியும். பாரம் ஏற்றத் தெரியாது. முதல் பயணத்தில், இறக்கும்போது எளிதாக இருக்குமென்று பெட்டிகளை எல்லாம் பின்பக்கமாகவே அடுக்கிவிட்டேன். பசறை தாண்டி மேடு வந்ததும் வண்டி பின்னால் சாய்ந்தது. மாடுகளுக்கு நடுவே நீளும் ஏர்க்கால் மேலே கிளம்ப, அதோடு நுகத்தடியும் எழும்ப, பூட்டாங்கயிறு மாடுகளின் தொண்டையை நெரித்தது. முன் வண்டியில் போன என் மனைவியின் அண்ணன் குதித்து ஓடிவந்து ஏர்க்காலைப் பிடித்துத் தொங்கினார்.

"அச்சுக்குப் பின்னாடி இருக்கறத விட முன்னாடி கொஞ்சம் கூட இருக்கணும் மாப்ள," என்றார், மூச்சு வாங்க. "மேட்டுல பாரம் பின்னாடி ஓடும். எறக்கத்துல மாட்டுக் கழுத்துல வந்து உக்காரும். திரும்பித் திரும்பிப் பாக்காத. ஏர்க்கால்ல காலை வச்சிரு, தெரியும்."

அது பழகிவிட்டது. உள்ளங்கால் வழியாகவே முதுகுக்குப் பின்னால் என்ன நகர்கிறது என்று தெரிய ஆரம்பித்தது.

காய்ச்சல் வந்த வருஷம், தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுக்க இடமில்லை. முடியாதவர்களைக் கரத்தையில் பதுளைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வழியில் செத்தால் கரத்தைக்காரர்கள் ரோட்டோரத்தில் இறக்கிவிட்டுப் போகிறார்கள் என்று நாங்கள் குடியிருந்த லயத்தில் பேச்சு. அது வெறும் பேச்சும் இல்லை. மச்சானும் படுத்துவிட்டதால், ஒருநாள் காலை நான் தனியாகப் போனேன். வண்டியில் ஒரு கொழுந்து பறிக்கிற பெண்ணும் அவள் புருஷனும். இருவருக்கும் காய்ச்சல். பெண்ணுக்குத்தான் அதிகம். மூச்சுக்காற்று என்மேல் படாமல் இருக்க, எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

"மேடு வந்தா முன்னுக்கு வாங்கன்னு சொல்லுவேன். சாக்குப் பக்கமா நகந்து வரணும். எறக்கத்துல பின்னுக்குப் போயிருங்க."

"சரிங்கண்ணே," என்றான் அவன்.

"மெதுவா ஓட்டுங்கண்ணே," என்றாள் அவள். "தலை தெறிக்குது."

பசறைக்கு அப்பால் மூடுபனி. மாட்டின் கொம்பு தெரிந்தது, அதற்கு முன்னால் ரோடு தெரியவில்லை. முதல் மேட்டில் சொன்னவுடன் இரண்டு பேரும் நகர்ந்து வந்தார்கள். ஏர்க்கால் உடனே தணிந்தது.

அடுத்த மேட்டில் கூப்பிட்டேன்.

"வந்துட்டோம்ணே," என்றான்.

ஏர்க்கால் தணியவில்லை. மாடுகள் செருமின. பிறகு பலகையில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் இழுபட்டு, நின்று, மறுபடி கொஞ்சம். என் காலடியில் ஏர்க்காலும் அதே மாதிரி விட்டு விட்டு இறங்கியது.

"அந்தப் புள்ளைக்கு முடியலையா?"

"தூங்குறாண்ணே."

இறக்கம் வந்தது. நான் வாய் திறப்பதற்குள் பாரம் முன்னால் வந்து சாக்கில் மோதியது. சாக்கு புடைத்து என் முதுகில் சாய்ந்து, அப்படியே இருந்தது. ஒரு ஆளின் தலையும் தோளும் மாதிரி. காய்ச்சல்காரர்களின் உடம்பு அனலாகக் கொதிக்கும். சாக்கு வழியாக ஒரு சூடும் வரவில்லை. பின்னால் அவன் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். "தண்ணி வேணுமா? சரி, அப்புறமா குடி."

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தவும் இல்லை. நிறுத்தினால் ஏதாவது செய்தாக வேண்டும். அந்தப் பனியில் அவளை எங்கே இறக்குவது, அவனை எப்படி அங்கிருந்து பிரிப்பது? அடுத்த மேட்டில் வழக்கம்போல, "ரெண்டு பேரும் முன்னுக்கு வாங்க," என்றேன்.

பலகையில் மறுபடி இழுக்கும் சத்தம். பிறகு, "வந்துட்டோம்ணே."

கடைசி மேட்டில் பதில் வரவில்லை. பாரமும் வரவில்லை. நான் இறங்கி, ஏர்க்காலைக் கக்கத்தில் இடுக்கி அமுக்கியபடி உச்சிவரை மாடுகளோடு நடந்தேன்.

பதுளை ஆஸ்பத்திரியில் அவனை மயங்கிய நிலையில்தான் இறக்கினோம். உயிர் இருந்தது. அவள் சேலையைப் பற்றியிருந்த அவன் விரல்களை நானும் அங்கிருந்த ஆளும் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். அவளை வேறொரு கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள்.

மச்சான் பிழைத்தார். அவனும் பிழைத்து, உடம்பு தேறியதும் நடந்தே தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். ஒருநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்து நின்றான்.

"சொன்னா எறக்கிருவீங்கன்னு பயந்தேண்ணே," என்றான். "மொத மேடு ஏறி முடிக்கறதுக்குள்ளயே போயிட்டா."

"எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ரெண்டு பேருன்னு கூப்பிட்டேன்."

அவன் என் முகத்தையே பார்த்தான். "எப்பத் தெரியும்?"

"எறக்கத்துல. சாக்குல வந்து சாஞ்சுச்சே, அப்ப."

"இல்லீங்கண்ணே," என்றான். "எறக்கத்துல நீங்க சொன்ன மாதிரியே பின்னுக்குப் போயிட்டேன். அவளை மடியில வச்சு, கடைசிப் பலகையில காலை முட்டுக் குடுத்து உக்காந்திருந்தேன். முன்னாடி யாரும் வரலியே."

காய்ச்சலில் கிடந்தவன், நினைவு தப்பியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவன் சொன்ன விதத்தில் தடுமாற்றம் எதுவும் இல்லை. களத்தில் கங்காணி பேர் கூப்பிடும் குரல் கேட்டதும் அவன் விரைந்து போய்விட்டான்.

அன்றைக்கும் பதுளைக்குச் சுமை இருந்தது. பெட்டிகளை முன்பாரமாகவே அடுக்கினேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு கை நுழையவும் இடம் விடாமல் அடுக்கினேன்.