அண்ணி கழுவப் போன கொக்கு

ஒரு கையில் ஷாம்பு பாட்டிலும் தோளில் பழைய துண்டுமாக அண்ணி முழங்கால் சேற்றில் நின்றதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. விம்கோ நகரில் சின்னதாக ஓர் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, பறவைகள் இறகு ஒட்டிச் செத்துக்கொண்டிருந்த வாரம் அது. உடம்பெல்லாம் கருத்த ஒரு கொக்கைப் பாலத்திலிருந்து பார்த்தவள், கடையைப் பூட்டிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"பாவம், மேலெல்லாம் எண்ணெ பூசிக்கினு நிக்குது. அப்டியே வுட்டா செத்துரும். ரெண்டு வாட்டி அலசினா வெள்ளையாயிடும், பாரேன்."

கொக்கு எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. ஒரு காலைச் சேற்றில் வைத்து வெடவெடவென்று ஆட்டியது. கலங்கிய நீரிலிருந்து துள்ளிய மீனைச் சட்டென்று கொத்தியது. தூக்கிய பாதம் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. சாகப்போகிற பறவை இவ்வளவு சுறுசுறுப்பாக இரை தேடுமா? நான் யோசிப்பதற்குள் அண்ணி துண்டை வீசினாள். கொக்கு எழும்பிப் பறந்தது. அண்ணி இடுப்பு வரை புதைந்துபோனாள். நான் இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போனாள். என் அலறல் கேட்டுப் படகைத் திருப்பிய மீனவர் ஒருவர் துடுப்பை நீட்டி, இருவருமாக இழுத்த பிறகுதான் மேலே வந்தாள்.

"இன்னாக்கா, கொக்கு புடிக்கப் போயி நீ மாட்டிக்கினியே!" என்றார் அவர்.

அண்ணி தன்னைக் குனிந்து பார்த்தாள். "இப்ப என்னியத்தான் அலசணும்" என்று சிரித்தாள்.

குளித்துவிட்டு வந்ததும் கேட்டாள்: "பறந்தப்போ பாத்தியா? தாடைக்குக் கீழ மட்டும் வெள்ளையா கீது. அங்க மட்டும் எண்ணெ எப்டி படாம போச்சு?"

பறவைக் கையேட்டைப் புரட்டினோம். கரைக்கொக்கு. "கறையா?" என்றாள். "கரை, அண்ணி. கடற்கரை." சேற்றோரம் தனியாக மேய்வது, சில வெள்ளை, சில பிறவியிலேயே கருஞ்சாம்பல், இரண்டும் ஒரே இனம்தான், ஜோடியும் சேரும் என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை அண்ணி நெடுநேரம் மூடவில்லை. எங்கள் வீட்டில் அவள்தான் கருப்பு. கல்யாணத்தன்று உறவுக்காரர்கள் பேசியது அவள் காதிலும் விழுந்திருந்தது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கழிமுகத்துக்குப் போகிறோம். அலையாத்தி வேர்களில் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை, கொக்கும் போகவில்லை. அண்ணி எடுத்த அதன் படம் கடைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. கல்யாணத்துக்குள் என்னை எப்படியாவது வெள்ளையாக்கிவிடுங்கள் என்று கேட்டுப் போன வாரம் வந்த பெண் அதைப் பார்த்து, "ஐயோ, எண்ணெ பட்ட கொக்காக்கா?" என்றாள்.

அண்ணி அவள் தலையை வாரிக்கொண்டே சொன்னாள்:

"இல்லம்மா. அதோட கலரே அதான். சுத்தமாத்தான் கீது."