வாரச் சம்பளம்

என் தங்கையின் மகளைத் தொழில்முறைக் காற்பந்து அணி ஒன்று கேட்டிருந்தது. சேருகிறாளா இல்லையா என்று அன்று மாலை ஐந்து மணிக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். மதியம் மல்வேர்னில் அவர்கள் வீட்டுக்கு நான் போனபோது, அதெல்லாம் முடிந்த காரியம் என்ற முகத்துடன் அவள் தகப்பன், என் மச்சான், கதவைத் திறந்தார். ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. இரவு வேலை முடித்து விடியற்காலை வந்தவர், இன்னும் படுக்கவில்லை.

“வா மச்சான். அஜக்ஸிலை ஒரு வீடு பாத்திருக்கிறன். தனி வீடு.”

“ஆர் வாங்கிறது?”

“என்ரை பெட்டைதான். வேறை ஆர்?”

அவளுக்கு இருபத்துமூன்று வயது. வங்கியில் நிரந்தர வேலை. இடப்பக்கத் தடுப்பாட்டக்காரி. எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டேன். பத்திரிகைக்காரனான எனக்குத் தொகை தெரிய வேண்டும். மச்சான் சொன்னார். சொல்லிவிட்டு, தேநீருக்குச் சீனி போடுகிற சாதாரணத்தோடு, “கிழமைக்கு” என்று, ஒரு வாரத்துக்கே அவ்வளவு என்பதாகச் சேர்த்தார்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

குடியேறி வந்த இந்த நாட்டில் நெடுங்காலம் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் பார்த்தவன் நான். இங்கிலாந்து வீரர்களின் சம்பளத்தை வாரக் கணக்கில்தான் எழுதுவோம். அங்கே வழக்கம் அதுதான். ஒரு காலத்தில் அங்கே இன்னதுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றே உச்சவரம்பு இருந்தது. ரசிகர்கள் வந்த அதே பஸ்ஸில் ஏறி வீரர்களும் மைதானத்துக்குப் போனார்கள். கோடையில் வேறு வேலை பார்த்தார்கள். வரம்பு நீங்கியது. பிறகு தொலைக்காட்சிப் பணம் வந்தது. நான் பக்கம் பார்த்த வருடங்களிலேயே தொகை ஏறி ஏறி, தலைப்பில் பூச்சியங்களுக்கு இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்கினோம். மச்சான் அந்தப் பக்கத்தை ஒரு வாரம்கூட விட்டதில்லை.

அந்த வீட்டில் சம்பளத்துக்கு மூன்று அளவுகள் இருந்தன. தொழிற்சாலையில் மச்சானுக்கு மணிக் கணக்கு. வங்கியில் மகளுக்கு வருடக் கணக்கு. காற்பந்து என்றால் வாரக் கணக்கு. மகள் தொலைபேசியில் மச்சானிடம் சொன்ன எண், இங்கிலாந்தில் ஒரு நடுத்தர வீரனுடைய வாரச் சம்பளத்தைப் போலவே இருந்தது. பெண்களுக்கும் இப்போது நல்ல பணம் என்று அவர் எங்கோ கேட்டிருந்தார். அது போதுமாயிருந்தது.

அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நான் மச்சானைப் பார்க்காமல் கேட்டேன்.

“பிள்ளை, உந்தத் தொகை வருசத்துக்குத்தானே?”

“ஓம் மாமா. வேறை எப்பிடி?”

குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கை குழாயை மூடினாள்.

“வருசத்துக்கோ?” என்றார் மச்சான். “அப்ப பாங்கிலை வாங்கிறதிலும் குறைய.”

“கொஞ்சம் குறையத்தான். நான் சொன்னனான் அப்பா.”

“நீ நம்பரைச் சொன்னனீ. வருசமெண்டு சொன்னனியோ?”

அவள் அவரையே பார்த்தாள். “அப்பா, வீக்லி எண்டு நினைச்சீங்களா? சீரியஸா? நான் என்ன மன்செஸ்டரிலையா விளையாடப் போறன்?”

யாரும் சிரிக்கவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது தகப்பனின் கையொப்பமல்ல. வங்கியில் அவள் வாங்குவதில் ஒரு பங்கு அவர்கள் இருக்கிற வீட்டின் மோர்கேஜ் கடனுக்குப் போய்க்கொண்டிருந்தது. வட்டியும் அண்மையில்தான் கூடியிருந்தது. ஒரு சீசனுக்கு அந்தப் பங்கு குறைந்தாலும் வீடு தாங்கும் என்று அவர் சொன்னால்தான் அவளால் சேர முடியும். சொல்லியிருந்தார். அது வேறு தொகைக்குச் சொன்னது.

“ஆம்பிளையளும் ஒரு காலத்திலை உப்பிடித்தான் விளையாடினவை,” என்றேன். “பிறகுதான் கூடினது.”

“அப்ப என்ரை பிள்ளையை அறுபது வருசம் பின்னாலை போய் நிண்டு விளையாடச் சொல்லுறியோ?”

இந்த நாட்டில் சில வருடங்களுக்கு முன்புவரை, சம்பளத்துக்குக் காற்பந்து ஆட நினைத்த பெண் வெளிநாட்டுக்கு விமானம் ஏற வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் அவள் முன்னால்தான் நிற்கிறாள். மோர்கேஜ் அந்தக் கணக்கில் பார்ப்பதில்லை.

மச்சான் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினார். தொழிற்சாலையில் அவர் தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவர்.

“முதல் சொன்ன தொகைக்கு ஆராவது ஓம் எண்டுவினமோ? கூடக் கேள்.”

“ஏலாது அப்பா. டீமுக்கு மொத்தமாய் ஒரு லிமிட் இருக்கு. தாண்டமாட்டினம்.”

“அப்ப நேரத்தைக் கேள். பயிற்சி முடிய, பின்னேரத்திலை பாங்குக்கு வேலைக்குப் போகலாமோ எண்டு கேள்.”

அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இருந்தும் எங்கள் முன்னாலேயே அணியின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண்; மரியாதையான குரல். பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டு அழைப்பதாகச் சொன்னார்.

நான்கு மணியும் கடந்தது. தங்கை சோறு போட்டாள். மச்சான் பிசைந்தார், உண்ணவில்லை. மகள் படிக்கட்டில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

“அண்ணை, ஏதாவது சொல்லுங்கோவன்,” என்றாள் தங்கை என்னிடம் மெதுவாக. நான் தலையசைத்தேன். மணியைப் பார்த்தேன்.

தொலைபேசி ஒலித்தது. சீசன் நடக்கும்போது வேறு வேலை கூடாது என்றார் அந்தப் பெண். பயிற்சிக்குப் பிறகு உடம்புக்கு ஓய்வு வேண்டும். குளிர்காலத்தில் செய்யலாம். ஐந்து மணிவரை அவள் பதிலுக்குக் காத்திருப்பார்கள். மகள் நன்றி சொல்லித் துண்டித்தாள். தொகை மாறவில்லை, வங்கிச் சம்பளத்தோடு இருந்த இடைவெளியும் அப்படியே இருந்தது.

“சரி, விடுவம்,” என்றாள் ஆங்கிலத்தில்.

மச்சான் கையைக் கழுவிவிட்டு வந்து தன் தொலைபேசியை எடுத்தார். அவளுக்குத்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தோம். அவர் தொழிற்சாலையில் தன் மேற்பார்வையாளரை அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு ஆள் தேவையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இந்த வாரம் மட்டுமா என்று அந்த ஆள் கேட்டிருக்க வேண்டும்.

இல்லை என்றார் மச்சான். சீசன் முடியும் வரைக்கும்.

தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். மகள் படிக்கட்டில் எழுந்து நின்றாள்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?” என்றார். “அவைக்குப் போன் அடி. ஐஞ்சாகப் போகுது.”