ரெண்டாவது தொட்டி

சீசன் நாட்களில் குற்றாலம் பேரருவியின் பெண்கள் பக்கம் அனுசியா நின்றால், எதிரே பாலத்தில் நிற்கிற ஆண்களின் செல்போன்கள் தாமாகவே சட்டைப் பைக்குள் போய்விடும். ஊர்க்காவல் படையில் சேர்ந்து பன்னிரண்டு வருடமாகிறது. மற்ற மாதங்களில் மேலகரத்து வீட்டில் தையல் மெஷின். சாரல் விழத் தொடங்கிவிட்டால் காக்கி, விசில், பந்தோபஸ்து.

குளிக்கிற பெண்களைப் படம் பிடித்தவன் அகப்பட்டால், மற்றவர்கள் "அழிலே" என்பதோடு விட்டுவிடுவார்கள். அனுசியாவோ, அவன் அழித்துவிட்டு நிம்மதியாகத் திரும்பும்போதுதான் ஆரம்பிப்பாள்.

"எங்க அழிச்ச? அது போனுக்குள்ள குப்பைத்தொட்டியில முப்பது நாள் கிடக்கும். வீட்டுக்குப் போயி எடுத்துப் பாக்கவா? கேலரி முதல் தொட்டின்னா அதுதான் ரெண்டாவது தொட்டி. அதைத் திற. யாருக்கும் அனுப்பியிருக்கியா, அதையும் காட்டு."

அப்படிப்பட்டவளின் படமே அகப்பட்டுக்கொண்டது.

பார்த்தவன் இசக்கிதுரை, அவளுடைய சித்தி மகன். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. கதவை யாராவது தட்டினாலே விசாவில் ஏதோ கோளாறு என்று பாஸ்போர்ட்டைத் தேடுகிற ஆள். ஏப்ரல் முதல் வாரம் ஒரு காலை டிராமுக்குக் காத்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தால், நிறுத்தத்தின் கண்ணாடியில் ஆள் உயரத்துக்கு அக்கா! மூடிய கண், சொட்டுகிற கூந்தல், இடது புருவத்தில் மூன்று தையல் போட்ட தழும்பு. கீழே ஏதோ ஒரு குளியல் எண்ணெயின் பெயர்.

பதற்றத்தில் அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான்: "இது நம்ம அனுசியாக்காதானா?"

கடையத்திலிருந்து வாசுதேவநல்லூர் வரைக்கும் உள்ள சொந்தமெல்லாம் ஆம் என்றது. பொழுது சாய்வதற்குள் படம் ஊர்க்காவல் படைக் குழுவுக்கும் வந்து சேர்ந்தது.

போன ஆகஸ்டில், பணி முடிந்து உடை மாற்றிக்கொண்டு அருவியில் நின்றது அவளுக்கு ஞாபகம் இருந்தது. எவனோ தூரத்திலிருந்து பெரிய லென்ஸ் வைத்து முகத்தை இழுத்திருக்கிறான்.

"ஜெர்மனியில யாரு உன்னைய அடையாளம் பாக்கப் போறா? விட்டுத் தள்ளு" என்றார் கணவர் நம்பிராஜன். பட்டாளத்தில் இருந்து வந்தவர்.

"நான் பாத்துட்டேன்லா."

மறுநாள் பேரருவி பக்கம் போனபோது, பழக்கடை பாண்டி காத்திருந்தவன் போலச் சிரித்தான். ஒரு சமயம் அவன் எடுத்த வீடியோவையும் இரண்டு தொட்டியிலிருந்தும் அழிக்க வைத்தவள் அவள்.

"என்ன மேடம், இனிமே யாருகிட்டப் போயி அழிம்பிய? உங்க படமே கடல் தாண்டி எண்ணெய் விக்கே!"

அனுசியா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அந்த வாரம் சீசன் பணிக்குப் பெயர் எழுதும் தாள் வந்தது. முதல் தடவையாகப் பேனாவை மூடி வைத்தாள். "மே கடைசிக்குள்ள சொல்லுதேன் சார்."

அன்று மாலையே துரைக்குப் போன் போட்டாள்.

"ஏலே, குழுவுல போட்டதை அழிச்சியா?"

"அப்பவே அழிச்சிட்டேன்க்கா."

"ரெண்டாவது தொட்டி?"

"இந்தா அழிக்கேன்க்கா" என்று மெல்லிய குரல்.

"சரி. அங்கன இதுக்குச் சட்டம் ஒண்ணும் கிடையாதா?"

"இருக்குக்கா. இங்கன உள்ள கம்பெனி ஒரு ஆளோட தகவலை வச்சிருந்தா, அந்த ஆளு எந்த நாடா இருந்தாலும் அழிக்கச் சொல்லிக் கேக்கலாம். ஒரு மாசத்துக்குள்ள பதில் சொல்லணும். ஆனா பெரிய கம்பெனிக்கா. என் பேரு வந்துச்சுன்னா விசா..."

"உன் பேரு எதுக்குலே? நான் சொல்லுததை அவனுக பாஷையில எழுது. கையெழுத்து நான் போடுதேன். குழுவுல போட்டவன் நீதான, எழுதுததும் நீதான்."

ஸ்டேஷனில் புகார் சொல்வது போலவே சொன்னாள். நாள், நேரம், இடம், சம்பவம். துரை மொழிபெயர்த்து அனுப்பினான்.

ஒரு வாரத்தில் வந்த பதிலை வாசிக்கும்போதே அவன் குரல் இறங்கியது. "படம் பிடிச்சவர்கிட்ட முறைப்படி வாங்கினதாம்க்கா. காப்புரிமை அவங்ககிட்ட இருக்காம். பொது இடத்துல எடுத்ததுதானேங்கான்."

"படம் அவனோடதாவே இருக்கட்டும். மூஞ்சி என்னோடதுலா? எடுக்கையில என்னையக் கேட்டானா, எண்ணெய் விக்கையில கேட்டானா? அதை எழுது."

அடுத்த பதில், அந்தப் பெண் அவள்தான் என்பதற்குப் பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ வேண்டும் என்றது.

அனுசியா தையல் மெஷினை நிறுத்தினாள். "ஒரு படத்தை அழின்னா இன்னொண்ணு கேக்கானுவளா? ஆதார் தர முடியாது. புருவத்தை மட்டும் எடுத்து அனுப்புதேன். தழும்பை ஒத்துப் பாத்துக்கிடட்டும்."

துரை அன்று உட்கார்ந்து சட்டத்தைத் தேடிப் படித்தான். தேவைக்கு மேல் ஒரு துரும்பையும் கேட்கக் கூடாது என்று அதிலேயே இருந்தது. அந்த வரியை அவளிடம் கேட்காமலே சேர்த்தான். கடிதத்தின் அடியில், மொழிபெயர்த்தவர் என்று தன் பெயரையும் போட்டான்.

ஏப்ரல் கடைசியில் டிராம் நிறுத்தத்தின் படம் வந்தது. கண்ணாடியில் இப்போது ஒரு பற்பசை. "எடுத்துட்டானுவக்கா! வருத்தமும் தெரிவிச்சிருக்கானுவ!"

நம்பிராஜன் பைக்கை முறுக்கிக்கொண்டு கேரள எல்லையில் உள்ள பார்டர் கடைக்குப் போய்ப் புரோட்டாவும் சிக்கனும் வாங்கி வந்தார். அனுசியா பார்சலைப் பிரிக்கவில்லை.

"சுவத்துல இருந்து எடுத்துட்டான். தொட்டியில இருந்து? யாரு யாருக்கு அனுப்புனான்?"

"இதுக்கு மேல கேட்டா கோவப்படுவான்க்கா."

"படட்டும். பாலத்துல நிக்கவனும் கோவப்படத்தான் செய்யுதான். தொட்டியைத் திறக்காம விட்டிருக்கனா?"

துரை எழுதினான். இந்தத் தடவை, அந்த மாநிலத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் ஒரு புகார் போட்டான். போட்டுவிட்டு மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. நான்காம் நாள் தான் ஏன் பயந்தோம் என்பதே அவனுக்குப் புரியவில்லை.

மே இருபத்தேழாம் தேதி பட்டியல் வந்தது. படம் விற்ற நிறுவனம், அச்சகம், விளம்பரக் கம்பெனி, இரண்டு கடைகள், இரண்டு இணையதளங்கள். ஏழு இடம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அழித்த தேதி. சேமித்து வைத்த பிரதிகளும் போயின என்று தனியாக ஒரு வரி. துரை வாசிக்க வாசிக்க அனுசியா துணியில் கோடு போடும் சாக்கட்டியால் மெஷின் பலகையில் ஏழு கோடு போட்டாள். அப்புறம் வீட்டுக்குள் பார்த்துச் சொன்னாள்: "அன்னைக்கு வாங்கினதை இன்னைக்கு வாங்கிட்டு வாங்க. பசிக்கி."

மறுநாள் காலை தாளில் பெயர் எழுதினாள். ஏழு கோட்டுக் கதை பழக்கடை வரைக்கும் போய்விட்டது.

ஜூன் இரண்டாவது வாரம், சாரல். பேரருவியில் தண்ணீர் நெற்றிப்பொட்டில் அறைகிற மாதிரி விழுந்தது. பாலத்தின் மேல் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், பேரன் பேத்தி எடுத்தவர் போலத்தான் இருந்தார், பெண்கள் பக்கம் போனைத் திருப்பினார். விசில் பறந்தது.

"பொது இடம்தானே மேடம். நான் எடுத்த படம் எனக்குத்தானே சொந்தம்?"

அனுசியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் பழக்கடையிலிருந்து பாண்டி கத்தினான்:

"ஏ அண்ணாச்சி, வம்பு பண்ணாம ரெண்டாவது தொட்டியைத் திறந்துரும்! ஜெர்மன்காரனே திறந்துட்டான்!"

குளித்து முடித்து நின்ற பெண்கள் ஈரத் தலையோடு சிரித்தார்கள். அவர் திறந்தார், அழித்தார், போனைப் பைக்குள் போடப் போனார்.

"இருங்க" என்றாள் அனுசியா, கையை நீட்டியபடி. "யாருக்கு அனுப்புனீய?"