ஆதிலாவின் சோற்றுக்கை

எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போவது பரீனாவிடம்தான். எழுத்தைத் தொட முன்பே அவள் கையைத் திருத்திவிடுவாள். இடக்கையை நீட்டிய பிள்ளைக்கு அன்றைக்கு பிஸ்கட் கிடையாது. என் மகன் வீட்டில் நான் சொன்னால் கேட்கமாட்டான். பரீனாவுக்குப் பயந்து தண்ணீரைக்கூட வலக்கையால்தான் குடிப்பான். கல்முனையில் இப்படி ஒருத்தி கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம் என்று பேசிக்கொள்வோம்.

அவளுடைய ஒரே மகள் ஆதிலா மாதம் நிறைய முன்பே பிறந்தவள். ஒரு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளையின் உச்சியில் கருவியை வைத்துப் பார்த்த டொக்டர், மூளையில் இடப்பக்கம் இரத்தம் கசிந்திருப்பதாகச் சொன்னார். பிறகு என்ன வரும் என்று இப்போது சொல்ல ஏலாது, பிள்ளை வளர வளரத்தான் தெரியும் என்றார். பரீனா தலையாட்டினாள். அழவில்லை. அந்த நாட்களில் அவளுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை.

சில வாரங்களில் இரத்தம் கரைந்துவிட்டது. அவளுடைய கணவர் ஜவுபர் பள்ளிவாசலில் நேர்ச்சையாக நார்சாச் சோறு கொடுத்தார். நாங்களும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். இரத்தம் போனால் வருத்தமும் போன மாதிரிதானே? பிள்ளையைத் தொடர்ந்து கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கன்னம் வைத்துக் கொழுகொழுவென்று சிரிக்கும் பிள்ளையை எதற்கு வரிசையில் வைத்துக்கொண்டு நிற்பது என்று நிறுத்திவிட்டார்கள்.

ஆதிலா தவழும் வயதிலேயே எதையும் இடக்கையால்தான் எடுத்தாள். வலக்கை முட்டி மடங்கி நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். பரீனா அதைக் கெட்ட பழக்கம் என்றே எடுத்துக்கொண்டாள். ஊர்ப் பிள்ளைகளின் கையைத் திருத்துகிறவளின் மகள் இடக்கையால் தின்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? முதலில் இடக்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அடித்தாள். பிள்ளைக்கு மூன்று வயதானபோது சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கையை முந்தானையால் சுற்றிக் கட்டினாள். ஆதிலா சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கடைசியில் பரீனாவே ஊட்டிவிடுவாள்.

வலக்காலையும் பிள்ளை நுனிவிரலில் ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டொக்டர் பழைய கதையையெல்லாம் கேட்டுவிட்டு, பயிற்சி கொடுக்கும் தங்கேஸ்வரியிடம் அனுப்பினார். தங்கேஸ்வரி காரைதீவுக்காரி, நிதானமாகக் கதைப்பவள். ஆதிலாவின் வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள்.

"இது பழக்கமில்ல தங்கச்சி. இடப்பக்க மூளைதான் வலப்பக்கச் சோத்துக்கைய அசைக்கிறது. அங்க இரத்தம் கசிஞ்ச இடம் பழுதாப் போயிட்டு. பிள்ளை மாட்டன் எண்டு இருக்கல்ல, அவவுக்கு ஏலாது."

"நான் அடிச்சன்," என்றாள் பரீனா. தன் குரல் யாரோ கதைப்பது போல் கேட்டதாக என்னிடம் பிறகு சொன்னாள்.

தங்கேஸ்வரி பிள்ளையின் விரல்களை மெல்ல மடக்கிவிட்டாள். இனிச் செய்ய வேண்டியதைச் சொன்னாள். நல்ல கைக்கு ஒரு துணியுறை போட்டுவிட வேண்டும். தினமும் கொஞ்ச நேரம், விளையாட்டுப் போல. அப்போதுதான் மற்றக் கை வேலை பழகும். "முழுக்கச் சரிவரும் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா இந்த வயசில விட்டா பிறகு கஷ்டம்."

"இடக்கையையா கட்டச் சொல்றீங்க?"

"ஓம். ஆனா பிள்ளை அழுதா உடனே கழட்டிடுங்க."

பரீனா வீட்டுக்கு வந்து மீன் வெட்டினாள், சோறு ஆக்கினாள், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தாள். யார் எந்தக் கையால் பிஸ்கட் வாங்கினார்கள் என்று அன்றைக்கு அவள் பார்க்கவில்லை. உறையை ஜவுபர் தைப்பித்துக்கொண்டு வந்தார், மஞ்சள் துணியில் பூனை முகம் வைத்து. அது நாட்கணக்கில் அலுமாரிக்குள் கிடந்தது. அதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. போடாவிட்டால் அந்த வலக்கை அப்படியே போய்விடும் என்பதும் தெரியும். நான்தான் ஒருநாள் ஏசினேன்.

நான் பார்த்துக்கொண்டிருக்கவே பாயில் விளையாட்டுக் கட்டைகளைப் பரப்பி, மகளை மடியில் இருத்தி, உறையை எடுத்தாள். ஆதிலா பூனையைப் பார்க்கவில்லை. உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தானாகவே இடக்கையை நீட்டிக் கொடுத்தாள்.

"நான் இந்தக் கையால ஒண்டும் தின்னல்லயே, உம்மா," என்றாள்.

அவள் அழவில்லை. அதனால் பரீனா உறையைப் போட்டுவிட்டாள்.