எட்டு ரேமும் ஒரு கையெழுத்தும்

ஆஸ்பத்திரியில் அவரை ஸ்வெட்டர் என்றால்தான் தெரியும். லிஃப்டுக்குப் பின்னால், எந்நேரமும் ஏ.சி. ஓடும் சின்ன அறையில், நோயாளிகளின் ஸ்கேன் படங்களை வைத்திருக்கும் சர்வரோடு இருபத்துமூன்று வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவர். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் ஸ்வெட்டரைக் கழற்றமாட்டார். "உங்கப்பாவுக்கு நம்மளவிட அந்தப் பெட்டிமேலதான் பாசம்" என்று மனைவி மகளிடம் சொல்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்த அறையில் இரண்டு நாற்காலிகள். இரண்டாவது, அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த சிநேகிதருடையது. இருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை. எதற்கெடுத்தாலும் "மாப்ள"தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த நாற்காலி காலியானது. காரணம் ஸ்வெட்டர். சுற்றி வளைப்பானேன், நேராகவே சொல்லிவிடலாம்.

சர்வரின் ஞாபகசக்தியைக் கூட்ட இன்னும் நான்கு ரேம் பட்டைகள் மாட்ட முடிவானது. சர்வர் ரேமில் இரண்டு வகை உண்டு. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒரே பள்ளத்தில் ஒரே மாதிரி உட்காரும். லேபிளில் உள்ள நீண்ட எண்ணின் கடைசியில் ஒன்றுக்கு 'ஆர்', மற்றதற்கு 'ஈ'. இரண்டையும் ஒரே மெஷினில் கலந்தால் அது கிளம்பவே கிளம்பாது. ஆர்டர் படிவத்தை எழுதியவர் ஸ்வெட்டர். மகளைப் பள்ளியில் சேர்க்கப் போகிற அவசரம். கடைசி எழுத்தைக் கவனிக்கவில்லை. "பார்த்துட்டேன் மாப்ள, போடு" என்று நீட்டினார். "நீ பார்த்தா நான் பார்த்த மாதிரிதானே" என்று சிநேகிதர் படிக்காமலே, சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் இருந்த கையெழுத்து அது ஒன்றுதான்.

புது ரேமை மாட்டியதும் மெஷின் கிளம்பவில்லை. சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது என்று இருவரும் மாற்றி மாற்றி அழுத்தியதில் போர்டே விரிசல் விட்டது. மூன்று நாள் ஒரு ஸ்கேன் படமும் திறக்கவில்லை. ஆபரேஷன்கள் தள்ளிப்போயின.

நிர்வாகி படிவத்தை மேஜைமேல் வைத்து, "யார் கையெழுத்து இது?" என்றார்.

"என்னோடதுதான்" என்றார் சிநேகிதர். சொல்லிவிட்டு ஸ்வெட்டரைப் பார்த்தார்.

ஸ்வெட்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். பாவி மனிதருக்கு அந்த ஒரு வார்த்தைக்கு நாக்கு எழவில்லை. சிநேகிதரின் வேலை அன்றோடு போயிற்று. நாளைக்குப் போய்ப் பார்க்கலாம், நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

இப்போது சர்வர் மறுபடி மூச்சு வாங்குகிறது. அந்தக் காலத்து ரேம் கடைகளில் புதிதாகக் கிடைப்பதில்லை. விசாரித்த இடமெல்லாம் ஒரே விலாசத்தைச் சொன்னார்கள்: பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பழைய சர்வர்களைப் பிரித்து விற்கும் கடை. யார் கடை என்று ஸ்வெட்டருக்குத் தெரியும்.

வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனார். திட்டுவான், சட்டையைப் பிடிப்பான், பிடிக்கட்டும். கடைசியில் ஒரு தடவை 'மாப்ள' என்று சொல்லிவிட்டால் போதும்.

கடைக்குள் நுழைந்ததும் சிநேகிதர் நிமிர்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. "வாங்க சார். ரேமா?"

ஸ்வெட்டர் தலையாட்டினார். எந்த மெஷினுக்கு என்று சிநேகிதர் கேட்கவில்லை. உள்ளேயிருந்து எட்டு ரேமை எடுத்துவந்து, துணி விரித்து வரிசையாக வைத்தார். ஒவ்வொரு லேபிளாக விரலால் தொட்டுப் படித்தார். "ஆர். ஆர். இதுவும் ஆர். எட்டும் ஒரே வகைதான் சார். நீங்களும் ஒருவாட்டி பார்த்துக்கோங்க."

"நீ பார்த்தா போதும் மாப்ள."

"இல்ல சார். பாருங்க."

ஸ்வெட்டர் குனிந்தார். கண் நிறைந்து எழுத்தே தெரியவில்லை. "அன்னைக்கு அந்த ஆர்டரை எழுதினது நான்னு சொல்லியிருக்கணும். வாயைத் திறக்காம நின்னுட்டேன். என் பொண்ணை நினைச்சுப் பயந்துட்டேன் மாப்ள. மன்னிச்சிடு."

சிநேகிதர் ரேம்களை ஒவ்வொன்றாகக் கவரில் போட்டார். "உங்களுக்கு ஒரு பொண்ணு. எனக்கு ரெண்டு சார்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. பிறகு ஒரு நோட்டை நகர்த்தினார். "பார்த்து வாங்கினேன்னு இதுல ஒரு கையெழுத்து போடுங்க. இப்பல்லாம் இது இல்லாம யாருக்கும் கொடுக்கறதில்ல."

ஸ்வெட்டர் போட்டார்.

மத்தியானம் எட்டையும் மாட்டி சுவிட்சைத் தட்டினார். சர்வர் முதல் தடவையிலேயே கிளம்பிவிட்டது. பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார், பழக்கம். அப்போது போன் அடித்தது.

"கிளம்பிடுச்சா சார்?"

"கிளம்பிடுச்சு மாப்ள."

"எட்டும் காட்டுதா?"

"காட்டுது."

"போனை அந்த ஃபேன் பக்கம் கொஞ்சம் காட்டுங்க சார்."

ஸ்வெட்டர் போனை மெஷினின் முதுகுப்பக்கம் நீட்டினார். பழைய ஃபேன்கள் இரைந்துகொண்டிருந்தன. கை கடுக்கும்வரை நீட்டியபடியே நின்றார். திரும்பக் காதில் வைத்தபோது எதிர்முனையில் யாரும் இல்லை.