ஓணத்துத் தையல்கூலி

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பாறசாலையிலிருந்து காலை ரயிலில் திருவனந்தபுரம் போவேன். எதிரே என் வயதுப் பெண் ஒருத்தி உட்காருவாள். நெய்யாற்றின்கரையில் ஒரு தையல்கடையில் அவளுக்கு வேலை. கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். என் பொருளியல் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, நான் எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பாள்.

“விலை கூடினா வாங்குற ஆளு குறையும்” என்றேன் ஒருநாள்.

“போ மக்கா! ஓணத்துக்கு எங்க கடையில தையல்கூலியும் கூடும், ஆளும் கூடும். அது எப்படியாக்கும்?”

அதுவரை வகுப்பில் வாயே திறக்காத நான், அன்று எழுந்து அதையே கேட்டேன். மலையாளத்தில் தொடங்கிய கேள்வி, பதற்றத்தில் எங்கள் ஊர்த் தமிழில் “எப்படியாக்கும்?” என்று முடிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு எல்லோரையும் பேசவிட்டார். மணியடித்த பிறகும் வாக்குவாதம் ஓயவில்லை. நல்ல கேள்வி என்று என்னைப் பாராட்டினார்.

மறுநாள் பெருமையோடு அவளிடம் சொன்னேன்.

“நான் கேட்டதாக்கும்னு சொன்னியா?”

“இல்லை” என்றேன்.

“சரி, விடு. பதில் என்ன, அதைச் சொல்லு” என்று எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இன்று நானே வகுப்பெடுக்கிறேன். ஆண்டின் முதல் வகுப்பை அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறேன். அது யார் கேட்டது என்றும் மாணவர்களிடம் சொல்லிவிடுகிறேன். பெயரை மட்டும் சொல்ல முடியவில்லை. அத்தனை நாள் பேசியும் நான் அதைக் கேட்கவே இல்லை.